நாத்தனார் முடிச்சு

எனக்கு வாய் நீளம் என்று எஸ்டேட்டில் எப்போதும் ஒரு பெயர் உண்டு. கை போன பிறகு அது இன்னும் கொஞ்சம் நீண்டுவிட்டது. ஒன்று குறைந்தால் இன்னொன்று வளரத்தானே செய்யும் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. அவர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது அது. ரிங்லெட் என்கிற மலை டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். தூரத்து மலைகளுக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களைக் காலையில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளிலிருந்து லோரியில் ஏற்றிப் போவார்கள். லோரியின் பின்பக்கத்தில் ஒரு கனத்த பலகை. நாங்கள் ஏறியதும் கெலிண்டான், அதாவது டிரைவருக்கு உதவியாள், அதைத் தூக்கி அடைத்து இரும்பு முளையைச் செருகுவான். அந்தக் கெலிண்டான் என் தம்பி.

அன்றைக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. தூறல் வேறு. நான்தான் கடைசியாக ஏறினேன். கால் வழுக்கியதால் வலது கையால் ஓரத்தைப் பிடித்தேன். எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்துத் தம்பி, "போலாம்!" என்று கத்திக்கொண்டே பலகையை வேகமாகத் தூக்கி அடைத்தான். என் கை நடுவில் இருந்தது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தி, கீழே ஈப்போவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் இருந்தது. அதுவும் மடங்காது.

யார் தப்பு என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது? பனியின் தப்பு, மழையின் தப்பு, எனக்கும் அவசரம், அவனுக்கும் அவசரம். இதை நான் தம்பியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு அவன் எழுந்து வெளியே போய்விடுவான். கொஞ்ச நாளில் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, காய்கறித் தோட்டங்கள் இருக்கிற திரிங்காப்பில் காய்கறி லோரிக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வருவான். நான் போட்டதைச் சாப்பிடுவான். பேசும்போது சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைப் பார்த்துப் பேசுவான். என் கை அவன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நானும் அதை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளப் பழகினேன். பிறகு அவன் இல்லாதபோதும் அது முந்தானைக்குள்ளேயே இருந்தது.

கொழுந்து பறிப்பது இரண்டு கை வேலை. ஒற்றைக் கையால் பறித்துப் பார்த்தேன். மற்றவர்கள் செடி வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பும்போது நான் பாதியில் நின்றுகொண்டிருப்பேன். கங்காணி நல்ல மனுசன். ஒன்றும் சொல்லாமல் என் வரிசையில் ஆளுக்குக் கொஞ்சம் பறித்துவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்கு வேறு வேலை வேண்டுமென்று எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் போய் நின்றேன். ஆயாக் கொட்டகைக்குப் போகச் சொன்னார்கள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது.

வேலைகூடப் பரவாயில்லை. இந்த இடது கைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நம் ஆட்களுக்கு இடது கையால் கொடுப்பதும் ஆகாது, வாங்குவதும் ஆகாது, சாப்பிடுவது சுத்தமாக ஆகாது. முதல் தடவை என் வீட்டில், என் சோற்றை, இடது கையால் எடுத்து வாயில் வைத்தபோது திருடித் தின்கிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அவரே சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டையை என் வாய்க்குக் கொண்டுவந்தார்.

"நான் என்ன கைப்புள்ளையா?" என்று கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டேன்.

அவர் தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தவர். அங்கே மெசின் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்பதால் வீட்டிலும் அதிகம் பேசமாட்டார். சிந்தினதைக் கூட்டி எடுத்தார். மறுநாள் ஒரு பலகையில் நீளமான ஆணியை அடித்து அடுப்படியில் வைத்திருந்தார். உருளைக்கிழங்கை அதில் குத்தி நிறுத்தினால் ஒரு கையாலேயே தோல் சீவலாம். நான் நன்றி சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் உருளைக்கிழங்குக் கறிதான்.

கோயிலில் இடது கையை நீட்டினால் பூசாரியின் விரலிலிருந்து திருநீறு விழமாட்டேன் என்கிறது. வலது கையை நீட்டினால் எனக்கு வெட்கம். டவுனில் சீனர் கடை ஒன்று இருந்தது. அந்த ஆளுக்கு இடது வலதெல்லாம் கணக்கே இல்லை. எந்தக் கையை நீட்டினாலும் மிளகாய்த்தூள் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுப்பார். வேண்டுமோ வேண்டாமோ, அந்தக் கடைக்குப் போய்வருவது எனக்குப் பிடித்துப்போனது.

பிள்ளைகளும் அந்தக் கடைக்காரர் மாதிரிதான். ஆயாக் கொட்டகையில் என் கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே இழுத்துப் பார்ப்பார்கள். "விரலு எங்க?" என்பார்கள். "எலி தின்னுருச்சி" என்பேன். சரி என்று விளையாடப் போய்விடுவார்கள். குளிர் அதிகமான நாட்களில் அந்த இல்லாத சுண்டுவிரல் அரிக்கும். சொரியலாம் என்று போனால் அங்கே ஒன்றும் இருக்காது. இதை யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள்.

அந்தக் கொட்டகையில்தான் நான் பல்லை உபயோகிக்கக் கற்றுக்கொண்டேன். மூக்கு ஒழுகுகிற சின்னப் பெண்களுக்குத் தலை சீவி ரிப்பன் கட்ட வேண்டும். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியை இடது கையால் சுற்றி உள்ளே நுழைத்து, தலையைப் பின்னால் இழுத்தால் முடிச்சு. ஆரம்பத்தில் ரிப்பனும் முடியும் எச்சிலும் ஒன்றாகக் கிடக்கும். போகப்போக, பேசிக்கொண்டே கட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

"நாங்க ரெண்டு கையில கட்டுனாலும் பத்து மணிக்கு அவுந்துருது. நீ கட்டுனது சாயங்காலம் வரைக்கும் நிக்குது லா," என்று ஒரு தாய் சொன்னாள். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருந்தபோது, எண்பதுகள் பிறந்த பிறகு, தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கல்யாணம் முடிவாகியிருக்கிறதாம். திரிங்காப்பில் பூவும் காய்கறியும் பயிர் போடுகிற நம் ஆட்கள் குடும்பம் ஒன்று. இவன் லோரி ஏற்றுகிற தோட்டத்துப் பெண். என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டானே என்று கொஞ்சம் கோபம், நிறைய சந்தோஷம். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. அக்காவென்று இருப்பது நான் ஒருத்திதான்.

"கல்யாணம் நம்ம மாரியம்மன் கோயில்லதான்கா. நாத்தனார் முடிச்சு நீதான் போடணும்," என்றான் நாள்காட்டியிடம்.

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற அவனுடைய சகோதரி போடுவாள். அதுதான் எங்கள் வழக்கம். பக்கத்து லைனில் இருந்த எங்கள் சித்தி அப்போது வீட்டில்தான் இருந்தார். அம்மா போன பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டவர். அவர் என் கையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"என் மகளும் ஒனக்குத் தங்கச்சிதானப்பா. அவ போடட்டுமே. அக்காவ ஏன் கஷ்டப்படுத்துற?"

"அக்கா போடலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம் லா."

சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது எனக்குக் கொடுக்கிற மரியாதை மட்டும் இல்லை. அவன் உடைத்துப் போட்ட கை ஏதாவது ஒன்றைக் கட்டுவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் அவனுக்கு ஆறும். நான் சபையில் திணறினாலும் போச்சு, ஒதுங்கி நின்றாலும் போச்சு. அவன் தன் கல்யாண நாளை நினைக்கும்போதெல்லாம் அந்த லோரிப் பலகையும் கூடவே வந்து நிற்கும். பாவம் அவன்.

"அதெல்லாம் போட்டுருவேன். ஒவ்வொரு நாளும் எத்தனை ரிப்பன் கட்டுறேன்," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

பெண்ணுக்குப் பூ வைத்து உறுதிசெய்யத் திரிங்காப் போனோம். பெண் பூட்ஸ் காலோடு கொட்டகையில் உட்கார்ந்து செவ்வந்திப் பூவைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தங்கை தண்டுகளைச் சேர்த்துக் கயிற்றைச் சுற்றினாள், இவள் குறுக்கே விரலை வைத்து அமுக்கினாள், தங்கை இறுக்கினாள். பேச்சே இல்லை. எங்களைப் பார்த்ததும் கை கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். நகக்கண்ணில் மண் அப்படியே இருந்தது.

பூ வைக்கும்போது நான் வேண்டுமென்றே இடது கையால் வைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, இப்போதே தெரியட்டும் என்றிருந்தது. பெண்ணின் அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. பெண் தலையைக் குனிந்து கொடுத்தாள். ஒரு கையால் பூவையும் பிடித்துக் கொண்டை ஊசியையும் செருக முடியவில்லை, பூ கீழே விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு, பூவைப் பிடித்துக்கொள்ளத் தன் கையைப் பின்னால் கொண்டுவந்தாள்.

"விடு. எனக்கு வரும்," என்றேன்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பூ மறுபடி விழுந்தது. ஒருவழியாக நானே வைத்து முடித்தேன், அதுவும் கோணலாக. அந்தக் கோணல் பூவோடு அவள் எங்களை லோரி வரைக்கும் வழியனுப்ப வந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. அம்மிக்குழவியை நிமிர்த்தி வைத்து, மஞ்சள் தேய்த்த நூலை அதன் கழுத்தில் போட்டுக் கட்டிப் பழகினேன். ஒரு நுனி பல்லில், மறு நுனி கையில். கட்டுவேன், அவிழ்ப்பேன், கட்டுவேன். வீட்டுக்காரர் ஒருநாள் வேலை விட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதுக்கு மாப்பிள்ளை யாரு? ஆட்டுக்கல்லா?"

நான் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் லைன் வாசலில் பெண்களெல்லாம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ, "எங்க, கட்டிக் காட்டு பாப்போம்," என்றார்கள். எனக்குத்தான் கேட்கவே வேண்டாமே. குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நூலைக் கடித்தேன், சுற்றினேன், இழுத்தேன். முடிச்சு கல் மாதிரி நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். சித்தி மட்டும் தட்டவில்லை. முட்டைக்கோஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அடியே... தாலிக்கயித்தையா வாயில வைக்கப் போற?"

நூலின் மஞ்சள் என் உதட்டில் ஒட்டியிருந்தது.

எச்சில்! ஒருத்தர் வாய் வைத்த டம்ளரை இன்னொரு பிள்ளை எடுத்தால் கையில் ஒன்று போடுகிறவள் நான். படையல் முடியும் வரை பாயசத்தில் இனிப்புப் போதுமா என்றுகூட நாக்கில் வைத்துப் பார்க்காதவள். அப்படிப்பட்டவள் மாதக்கணக்கில் மஞ்சள் நூலைக் கடித்துக்கொண்டிருந்தும் அது தோன்றவே இல்லை. எனக்கு அது வாயாகவே தெரியவில்லையே. கைக்குப் பதிலாகப் பல் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. தன் கையைப் பார்த்து எச்சில் என்று யாருக்காவது தோன்றுமா?

உள்ளே போய் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "தெனம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் துண்டால் என் உதட்டு மஞ்சளைத் துடைத்தார். "நானும் அதைப் பல்லுன்னு பாக்கலம்மா. உன் கைன்னுதான் நெனச்சேன்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கை போனபோதுகூட நான் அவர் முன்னால் அழுததில்லை.

கட்டை விரலால் அமுக்கிக் கட்டிப் பார்த்தேன். மஞ்சள் நூல் வழுக்கியது. முழங்கையால் அமுக்கினேன், தாடையால் அமுக்கினேன். கல்லாக இருந்ததால் அது பொறுத்துக்கொண்டது. மணப்பெண் பொறுப்பாளா? கடைசியில் சித்தி வந்து என் தலையைத் தடவினார். "நீ விளக்கு புடி. என் மக முடிச்சுப் போடட்டும். விளக்கு புடிக்கிறதும் நாத்தனார்தானே. அதுல ஒரு கொறையும் இல்லடி." கரிசனமாகத்தான் சொன்னார். சரி என்றேன்.

தம்பி குழாயடியில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னேன்.

"சரிக்கா," என்றான். ஏற்கெனவே கழுவிப் பளபளவென்று இருந்த சக்கரத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்குள் போய் எட்டிப் பார்த்தபோதும் அதே சக்கரத்திடம்தான் இருந்தான்.

மறுநாள் காலை கோயிலைச் சுற்றிப் பனி இறங்கியிருந்தது. திரிங்காப் ஆட்கள் காய்கறி லோரியிலேயே, புதுப் புடவையும் மேலே சுவெட்டருமாக வந்து இறங்கினார்கள். நான் இடது கையில் விளக்கோடு பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். வலது கை வழக்கம்போல முந்தானைக்குள். சித்தி மகள் பக்கத்தில் தயாராக நின்றாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். போட்டுவிட்டு நிமிர்ந்தான். அவன் பார்வை சித்தி மகளிடம் போகவில்லை. என் முந்தானைக்கு வந்தது. ஒரு நொடி. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

என்னால் தாங்க முடியவில்லை.

"இதப் புடி," என்று விளக்கைச் சித்தி மகளின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தேன். கோயில் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும். கட்டை விரலுக்கடியில் ஒரு நுனியை அமுக்கி மறு நுனியைச் சுற்றினேன். வழுக்கியது. மறுபடி சுற்றினேன். மறுபடி வழுக்கியது. மேளக்காரர் கொட்டிக்கொண்டே இருந்தார். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு சனம் காத்திருந்தது. என் வாய் தானாகவே நூலிடம் போகப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது முன்னாலிருந்து ஒரு கை தோளுக்கு மேலே பின்பக்கம் வந்தது. மருதாணி வைத்த கை. நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் மண் மிச்சம் இருந்தது. ஆள்காட்டி விரல் கழுத்தில் தடவித் தேடி, நூல் குறுக்கே போகிற இடத்தைக் கண்டுபிடித்து, அழுத்திக்கொண்டது.

"அமுக்கிக்கிட்டேன். இழுங்க அண்ணி," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

இழுத்தேன். சரியான நேரத்தில் விரலை உருவிக்கொண்டாள். முடிச்சு நின்றது.

உடனே அவள் கையை மடிக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் காத்திருந்தேன். கை திரும்பி வரவில்லை. அன்றைக்குத் திரிங்காப்பில் "விடு, எனக்கு வரும்" என்று நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஒரு தடவை அவளாகவே துணிந்துவிட்டாள். மறு தடவை என்னைக் கேட்காமல் வரமாட்டாள்.

எத்தனை காலமாக நான் யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்தேன்! கங்காணியிடம் கேட்கவில்லை, கட்டினவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூல் என் கையில் இருந்தது.

"வெரலக் குடும்மா," என்றேன்.

கொடுத்தாள். மூன்றாவது முடிச்சு விழுந்தது. அட்சதை என் தலையிலும் சேர்த்து விழுந்தது.

அம்மா அப்பா இல்லாததால் எங்கள் காலில்தான் விழுந்தார்கள். வீட்டுக்காரர் அட்சதை போட்டார். நான் ஆசீர்வாதம் பண்ண இடது கையைத்தான் முதலில் தூக்கினேன். பழக்கம். அப்புறம் அதை இறக்கிவிட்டு, நாலு விரல் இல்லாத வலது கையைத் தம்பி தலையில் வைத்தேன்.

அவன் அசையவில்லை. ரொம்ப நேரம் அப்படியே கிடந்தான். "எந்திரிப்பா, பந்தி போடணும்," என்று சித்தி சொன்ன பிறகுதான் எழுந்தான். எழுந்தவன் என் கையை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, நாள்காட்டியையோ சக்கரத்தையோ பார்க்காமல், அதையே பார்த்தான். தையல் போட்ட இடத்தைப் பெருவிரலால் தடவினான்.

"குளிருல வலிக்குமாக்கா?"

இத்தனை வருசத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி.

"வலிக்காதுடா," என்றேன். "சுண்டுவிரல் மட்டும் அரிக்கும்."

மாப்பிள்ளைக் கோலத்தில், மாலையும் கழுத்துமாக, அழுதுகொண்டே, அந்த விரல் இருந்த இடத்தை என் தம்பி மெதுவாகச் சொரிந்துவிட்டான்.